கல்லாங்குத்து என்று எழுதி வைத்தால் மலை விற்பனைக்கா?
பாறை ஓவியத்தையும் ஏரியையும் சேர்த்துக் காக்க விவசாயிகளுக்கு ஓர் அறைகூவல்



போன பட்டத்து மல்லாட்டை பிடுங்கி முடிச்ச கையோட, நம்ம சங்கத்து ஆளுங்க ஏழு பேர் மனு எடுத்துக்கிட்டு மெட்ராஸ் போனோம். எங்க ஊர் ஏரிக்கு மேற்கே இருக்கிற பாறைக் குன்றைக் கல் குவாரிக்கு ஏலம் விடப் போறாங்கன்னு சேதி வந்திருந்தது. அந்தக் குன்றின் அடியில், மழைக்கு ஆடுகள் ஒதுங்குகிற பொடவுக்குள்ளே, காவிச் சிவப்பில் பழங்காலத்து ஓவியம் இருக்கு. அந்தக் குன்றில் விழுகிற தண்ணிதான் எங்க ஏரிக்கு வருது. ஏலம் விடாதீங்க, இதுதான் மனு.

ஒரு அலுவலகத்தில் "ஓவியமா? இது எங்க பொருள் இல்லைங்க" என்றார்கள். இன்னொரு இடத்தில் "குவாரியா? மாவட்டத்துல கேளுங்க" என்றார்கள். மூணாவது இடத்தில் ஒரு அதிகாரி நாங்க கொண்டுபோன அ-பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்து, விரலை வச்சுக் காட்டினார். "கல்லாங்குத்துன்னு போட்டிருக்கே, அப்புறம் என்னய்யா?"

அப்புறம் என்னவா? அதைச் சொல்லத்தான் இந்தத் துண்டறிக்கை!

எங்க ஊர் பேரை இதில் போடவில்லை. பயத்தால் அல்ல. பாதுகாப்பு இல்லாத ஓவியம் எங்க இருக்குன்னு அச்சடிச்சுக் கொடுத்தா, குவாரிக்காரனுக்கு முன்னாடி புதையல் தேடுறவன் கடப்பாரையோட வந்து நிப்பான். அவனுக்குப் பின்னாடி செல்போனோட நாலு பேர் வருவான். பெயர் வெளியே தெரிஞ்ச ஊர்களை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

மயிலாப்பூர் குளக்கரையில் ஒரு கேள்வி

அன்னிக்கு ராத்திரி மயிலாப்பூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கல். சாயங்காலம் கபாலீஸ்வரர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், என்ன சமாச்சாரம்னு கேட்டார். சொன்னோம். அவர் கேட்டது இன்னும் காதில் நிக்குது. "விவசாயி நீங்க. உரம் கேக்கணும், கரண்டு கேக்கணும், நெல்லுக்கு விலை கேக்கணும். பாறையில எவனோ கிறுக்கினதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

கோபம் வந்தது உண்மை. ஆனா நம்ம ஊர்லயும் பாதிப் பேர் இதைத்தானே கேட்கிறாங்க? அதனால அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்றோம்.

"ஐயா, இந்தக் கோயில் கோபுரத்துல ஒரு சுதையை எவனாவது பெயர்த்தா மயிலாப்பூர் சும்மா இருக்குமா?" என்று கேட்டோம். இருக்காதுன்னார். இப்ப நிக்கிற கோயில் முந்நூறு, நானூறு வருஷத்துக்குள்ளே கட்டினது. அதுக்கு முந்தின பழைய கோயில் கடற்கரைப் பக்கம் இருந்ததுன்னும், போர்த்துகீசியர் காலத்தில் அழிஞ்சதுன்னும் மயிலாப்பூர்க்காரர்களே சொல்லக் கேட்கலாம். சாந்தோம் பக்கம் தோண்டினப்போ தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைச்சது. இத்தனை தலைமுறை தாண்டியும் அந்த வருத்தம் அந்த ஊருக்குப் போகல. எங்க பொடவில் இருக்கிறது அதுக்கெல்லாம் பல நூறு தலைமுறை முந்தினது. அதை வெடி வச்சு ஜல்லியாக்கினா, துண்டு பொறுக்கிச் சேர்க்கக்கூட ஒண்ணும் மிஞ்சாது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அது சரி, ஆனா விவசாயிக்கு அதனால என்ன லாபம்?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் வரணும்.

எது அந்த ஓவியம்?

விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலை. கேள்விப்பட்டிருப்பீங்க. பாறையில் காவிச் சிவப்பில் உருவங்கள். பறவை மூஞ்சி மாதிரித் தலை வச்ச மனுஷன், மிருகத்து மேல ஏறி உட்கார்ந்த ஒருத்தன், படகு மாதிரி ஒண்ணுல சில ஆட்கள், கூடவே சில குறிகள். அந்தக் குறிகள் சிந்துவெளி எழுத்து மாதிரி இருக்குன்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதை ஒத்துக்காதவங்களும் உண்டு. அவங்க சண்டை அவங்களோட. நமக்குத் தெரிஞ்சது, எழுதப் படிக்கத் தெரியாத காலத்து ஒரு மனுஷன் நம்ம மண்ணுல நின்னு கையால தடவி வச்சது அது.

செஞ்சிப் பக்கம் செத்தவரை இருக்கு, மீனும் மானும் வரைஞ்சிருக்கான். ஆலம்பாடி இருக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லப்பாடி, வெள்ளை வண்ணத்தில் குதிரை மேல ஏறிச் சண்டை போடுற ஆட்கள். கோவைப் பக்கம் குமிட்டிபதி. நீலகிரியில் கரிக்கியூர், இருளர் மக்கள் வாழுற காட்டுப் பகுதி, தென்னாட்டிலேயே பெரிய ஓவியக்கூட்டம்னு பேர் வாங்கினது. மதுரை மேலூர் வட்டாரத்தில் கருங்காலக்குடி. நாட்டளவில் பேர் போனது மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா. அதை 1957-58ல் வாகங்கர் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு சொன்னார், 2003ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பீம்பேட்காவுக்குக் கிடைச்ச காவலில் நூத்துல ஒரு பங்கு நம்ம பாறைகளுக்குக் கிடைக்கல.

இந்தச் சிவப்பு எப்படி இத்தனை ஆயிரம் வருஷம் நின்னதுன்னு நினைக்கிறீங்க? அது காவிக்கல். இரும்புத் துரு கலந்த மண்ணு. அரைச்சுப் பூசினா பாறையின் மேல்தோலில் ஊறி அதோட ஒண்ணாயிடும். கடையில் வாங்கின பெயிண்ட் ரெண்டு தீபாவளி தாங்காது. இது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கின இடமாப் பார்த்துப் பூசினது, அதனால நின்னது. நிழலும் வறட்சியும் பாறை அசையாத அமைதியும்தான் அதுக்குக் காவல். பக்கத்தில் வெடி வச்சு அசைச்சா பாறை விரிசல் விடும். விரிசல் வழியா தண்ணி கசியும். கசிஞ்ச இடத்தில் உப்புப் பூத்து வண்ணம் செதில் செதிலாக் கொட்டும். கிரஷர் தூசி படிஞ்சு, பனியில நனைஞ்சு, காரை மாதிரி பிடிச்சுக்கும். ஓவியத்து மேலேயே நேராக் கடப்பாரை வைக்கணும்னு அவசியமே இல்லை. கூப்பிடு தூரத்தில் குவாரி வந்தாலே போதும்.

இப்ப ஏரிக்கு வாங்க

ஆதிமனுஷன் முட்டாள் இல்லை. தண்ணி இல்லாத இடத்தில் அவன் குடியிருக்கல. ஓவியம் இருக்கிற குன்றுகளைப் பாருங்க. முக்கால்வாசி இடத்தில் மேலே சுனை இருக்கும், அடியில் ஓடை இருக்கும், ஓடை போற திசையில் ஏரி இருக்கும். அவன் குடிச்ச தண்ணியைத்தான் பின்னாடி வந்த நம்ம பாட்டன் கரை போட்டு மறிச்சு ஏரின்னு பேர் வச்சான்.

மொட்டைப் பாறைன்னு ஏளனமாச் சொல்றாங்களே, அந்த மொட்டைப் பாறை ஒரு சொட்டு மழையையும் முழுங்காது. மண்ணு தரையில் பெய்ற முதல் மழையை மண்ணே குடிச்சிடும். பாறையில் பெய்றது வழிஞ்சு ஓடையில் இறங்கும். வறட்சிக் காலத்தில் ரெண்டு நல்ல மழை பெஞ்சாலும் ஏரிக்கு முழங்கால் தண்ணி வருதுன்னா அது பாறை கொடுத்த தண்ணி. பாறை வெடிப்பில் இறங்கினது கிணத்து ஊத்தா வரும். மாசியில நம்ம கிணத்துல தண்ணி நிக்கிறதுக்கு அதுதான் காரணம்.

அந்தக் குன்றை வெட்டி எடுத்தா என்ன ஆகும்? மலை போய்ப் பள்ளம் வரும். குவாரிக்காரன் தரை மட்டத்தோட நிறுத்த மாட்டான். கீழே போவான், ஊத்து வரும். ஊத்து வந்தா வெடி வைக்க முடியாதுன்னு ராப்பகலா மோட்டார் போட்டு இறைச்சு வெளியே விடுவான். அது யார் தண்ணி? சுத்தி இருக்கிற உன் கிணத்துத் தண்ணி, என் போர் தண்ணி! ஏரிக்கு வர வேண்டிய ஓடை குவாரிப் பள்ளத்துல விழும். டிப்பர் லாரி போக ஓடையை மேவி ரோடு போடுவான். மல்லாட்டைக் கொல்லையில இலை மேல வெள்ளைத் தூசி உக்காரும். பூ எடுக்காது. நஷ்ட ஈடு கேட்டுப் போனா "கல்லாங்குத்துக்குப் பக்கத்துல நிலம் வச்சிருந்தா அப்படித்தான்" என்று பதில் வரும்.

கல்லாங்குத்து! எவன் வச்ச பேரு? வெள்ளைக்காரன் நிலத்தை அளந்து தீர்வை போட்டப்போ, எதுக்கு வரி வாங்க முடியுமோ அதுக்கு ஒரு பேரு, வாங்க முடியாததுக்கு ஒரு பேரு வச்சான். வரி தராத பாறை கல்லாங்குத்து. அந்தப் பதிவேட்டில் சுனைக்குக் கலம் இல்லை, ஓவியத்துக்குக் கலம் இல்லை, ஆடு மேயறதுக்குக் கலம் இல்லை. அவன் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டியும் நம்ம அதிகாரி அதே தாளில் விரலை வச்சு "அப்புறம் என்ன" என்கிறார். நம்மைக் கேட்டால் சொல்வோம். அந்த ஓவியம்தான் இந்த நிலத்தின் முதல் அடங்கல். யார் இருந்தான், என்ன மிருகம் வச்சிருந்தான், எதை வேட்டையாடினான்னு அதில் எழுதியிருக்கு. எந்தத் தாசில்தார் கையெழுத்தும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

நகரம் தின்ற மலை

மெட்ராஸ்காரர்களைத் திட்டுவது நம்ம நோக்கம் இல்லை. அவங்களுக்கும் வீடு வேணும், பாலம் வேணும். திருமயிலையில் இப்ப ரெண்டு மெட்ரோ பாதை சந்திக்கிற ரயில் நிலையம் பூமிக்கடியில் கட்டுறாங்க. அந்தக் கான்கிரீட்டுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் மயிலாப்பூரிலா விளையுது? எங்கேயோ ஒரு ஊரின் குன்று உடைஞ்சுதான் வருது.

மெட்ராஸ் முதலில் தன் மலையைத்தான் தின்னது. பல்லாவரம் தெரியுமில்லையா? 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் அதிகாரி அங்கே ஒரு கல் கோடாரியைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டில் பழைய கற்கால மனுஷன் இருந்தான்னு உலகத்துக்குச் சொன்னது அந்தக் கல்தான். அப்படிப்பட்ட பல்லாவரம், திரிசூலம் குன்றுகளை ஜல்லிக்காக வெட்டி வெட்டி, ராட்சசக் குழிகளா விட்டாங்க. பக்கத்திலேயே மாங்காடு சிக்கராயபுரத்தில் கைவிட்ட கல் குவாரிப் பள்ளங்கள் இருக்கு. 2017லும் 2019லும் ஏரியெல்லாம் வத்தி மெட்ராஸ் தவிச்சப்போ அந்தக் குவாரிக் குழியில் தேங்கின தண்ணியைச் சுத்தம் பண்ணித்தான் குடிக்கக் கொடுத்தாங்க. மலையைத் தின்னுட்டு மலை இருந்த குழியில தண்ணி குடிச்ச கதை!

இப்ப அந்த வாய் மேற்கேயும் தெற்கேயும் நீளுது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம்னு டிப்பர் போகாத ரோடு உண்டா? நடைச்சீட்டு ஒண்ணு, லோடு மூணுன்னு ஓடுறதை ராத்திரி ரோட்டோரம் கட்டில் போட்டுப் படுக்கிறவனைக் கேளுங்க.

புரோக்கர் கிளப்புற புரளி

இனி முக்கியமான விஷயம். கவனமாப் படிங்க. நம்ம ஊர்லயே நம்ம ஆளுங்க வாயில வருது இந்தப் பேச்சு. "தொல்லியல் துறை உள்ளே வந்தா நிலத்தைப் பிடுங்கிக்குவான். ஏர் ஓட்ட விடமாட்டான். குவாரின்னா லாரிக்கு வாடகையாவது வரும்." டீக்கடையில இதை முதல்ல பேசினவன் யாருன்னு விசாரிங்க. குவாரிக்கு ஆள் பிடிக்கிற புரோக்கரா இருப்பான்.

உள்ளது உள்ளபடி சொல்லிடுறோம். மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னம்னா, 1992 ஜூன் அறிவிக்கைப்படி 100 மீட்டருக்குள் குவாரியும் கட்டடமும் கூடாது, அதுக்கு வெளியே இன்னொரு 200 மீட்டரில் அனுமதி வாங்கணும். 2010ல் அதைச் சட்டத்திலேயே சேர்த்துட்டாங்க. வீடு கட்டுறவங்களுக்கு இதனால தொல்லை உண்டு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டோம். மாநிலத் தொல்லியல் துறைக்குத் தனியா 1966ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு. ஆனா நீ மல்லாட்டை போடுறது கட்டடம் கட்டுறது ஆகுமா? உழவுக்கு எதிரான சட்டம் இல்லை இது. அதனாலதான் நம்ம சங்கம் என்ன சொல்லுதுன்னா, எல்லையைக் கோப்புல உட்கார்ந்து போடாதே. ஊரைக் கூட்டி, புல எண் வாரியா அளந்து, பட்டா நிலத்தைத் தனியாக் காட்டி, குடியிருப்பைத் தனியாக் காட்டி அறிவிப்பு செய். எங்களைக் கேட்காம செஞ்சா அதையும் எதிர்ப்போம்.

இன்னொரு வழியும் இருக்கு. 2002 பல்லுயிர்ச் சட்டத்தில் 37ஆம் பிரிவு. ஒரு இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு மாநில அரசு அறிவிக்கலாம். ஊர் மக்கள் வழிவழியா செய்து வர்ற மேய்ச்சல், பாசனம், சாமி கும்பிடுறது எதுக்கும் தடை இல்லை. தமிழ்நாட்டில் முதன்முதலா அப்படி அறிவிச்சது எந்த ஊரைத் தெரியுமா? அரிட்டாபட்டி!

அரிட்டாபட்டி கொடுத்த பாடம்

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும். ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை, 3 தடுப்பணைன்னு அரசாங்கமே கணக்குச் சொல்லியிருக்கு. குன்றில் 2,200 வருஷத்துக்கு முந்தின தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் கற்படுக்கை, குடைவரைக் கோயில், பெருங்கற்காலச் சின்னங்கள். ராஜாளிப் பறவைகள் கூடு கட்டுற மலை. அதே மேலூர் வட்டாரத்தில்தான் கிரானைட் கொள்ளை 2012ல் நாடு முழுக்க நாறியது. 2014ல் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரிக்க அனுப்பி, 2015ல் அறிக்கை வந்தது. பக்கத்து மலைகள் போனதைக் கண்ணால் பார்த்த சனம், தன் மலையை விடல. 2022 நவம்பரில் 193 ஹெக்டேரைப் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்சது.

கதை முடிஞ்சதா? இல்லை! சரியா ரெண்டே வருஷம். 2024 நவம்பர் 7ஆம் தேதி டெல்லி சுரங்கத் துறை ஒரு அறிவிப்பு விட்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, 2,015 ஹெக்டேர், ஏலத்தில் எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். அதாவது நம்ம கணக்கில் ஐயாயிரம் ஏக்கருக்கும் சிறிது குறைவு. அரசு பாதுகாத்த அந்த 193 ஹெக்டேரும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தது. தாளில் பாரம்பரியத் தலம், ஏலத்தில் டங்ஸ்டன் தொகுதி. ரெண்டு துறையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டதாகவே தெரியல.

அப்புறம் நடந்ததை எல்லா விவசாயியும் மனசுல எழுதி வச்சுக்கணும். ஊர் ஊராக் கிராம சபையில் தீர்மானம். 2024 டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் ஒருமனதாத் தீர்மானம். டிசம்பர் 24ல் டெல்லி கொஞ்சம் இறங்கி, பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுட்டு எல்லையை மறுபடி பார்க்கலாம்னு பேசிப் பார்த்தது. அதாவது ஓவியத்தை, கல்வெட்டை எடுத்துக்கோ, வயலை எங்களுக்குக் கொடு! மேலூர் சனம் அந்தத் தூண்டிலைக் கவ்வல. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை வரைக்கும் ஆயிரக்கணக்கில் நடந்தாங்க. கைக்குழந்தையோட பெண்கள் நடந்தாங்க. மேலூர்க் கடைகள் அடைச்சுக் கிடந்தது. ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து! போராடின 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க மேல போட்ட வழக்கையும் மாநில அரசு திரும்ப வாங்கியது.

அந்த டிசம்பர் 24தான் நமக்கு முக்கியம். மலையையும் வயலையும் பிரிச்சுப் பேசத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. தொல்லியல் ஆர்வலரிடம் "குகையைச் சுத்தி வேலி போடுறோம்" என்பான். விவசாயியிடம் "உன் நிலத்துக்கு நல்ல விலை" என்பான். ரெண்டு பேரும் தனித்தனியாத் தலையாட்டினா ரெண்டும் போச்சு. வேலிக்குள்ளே ஒரு பாறை, சுத்தியும் குழின்னா அந்த ஓவியம் எத்தனை வருஷம் நிக்கும்? ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?

சட்டம் அனுமதிச்சது, மலை போனது

"அனுமதி முறைப்படி வாங்கியிருக்கோம்" என்று தாளைக் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவில் ஜூகன் பள்ளத்தாக்கு என்ற இடம். அங்கே இருந்த பாறைக் குகையில் 46 ஆயிரம் வருஷமா மனுஷன் வந்து தங்கியிருக்கான். இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ என்ற கம்பெனி 2020 மே மாதம் அதை வெடி வச்சுத் தகர்த்தது. பூர்வகுடி மக்கள் கெஞ்சியும் நிறுத்தல. கையில் அரசு அனுமதி இருந்தது! உலகமே காறித் துப்பின பிறகு கம்பெனித் தலைவர் பதவி போனது, மன்னிப்புக் கேட்டாங்க. குகை திரும்பி வந்ததா?

நம்ம நாட்டிலும் சட்டம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்துக்கோங்க. ஜல்லியும் கிரானைட்டும் சிறு கனிமம், மாநில அரசின் கையில். டங்ஸ்டன் மாதிரியான முக்கியக் கனிமங்களின் ஏலத்தை 2023 சட்டத் திருத்தத்தில் டெல்லி தன் கைக்கு எடுத்துக்கிட்டது. 2025 செப்டம்பரில் அந்த வகைச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டியதில்லைன்னு சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. ஊரைக் கேட்காமலே ஊரைத் தோண்டலாம்! கலெக்டர் ஆபீஸ் கருத்துக்கேட்புல நாம மைக் பிடிச்சுப் பேசினதெல்லாம் சும்மா சடங்குன்னு சலிச்சுக்கிட்டோம். அந்தச் சடங்கையும் எடுத்துட்டானே, இப்ப தெரியுதா அருமை?

நம்ம முதுகையும் பார்ப்போம்

அடுத்தவனைத் திட்டிட்டே இருந்தா சரியா வராது. கரிக்கியூரில் ஓவியத்தின் கணிசமான பகுதி பாழானது குவாரியால் இல்லை. ட்ரெக்கிங் வந்தவங்க கிறுக்கியும் சுரண்டியும்தான். நம்ம ஊர்ப் பொடவுல என்ன நடக்குது? சீட்டாட்டம், சாராயப் பாட்டில், சமைச்ச அடுப்புக் கரி. காதலிச்ச பொண்ணு பேரைச் சாக்பீஸ்ல எழுதுறான் பையன். தேர்தல் வந்தா பாறையில வெள்ளையடிச்சு சின்னம் வரையுறான், அதுல நம்ம சங்கத்து ஆளுங்களும் உண்டு. ஒளிச்சுப் பேசுவானேன். புகை ஒரு தடவை படிஞ்சாப் போதும், எடுக்க முடியாது. போட்டோ நல்லா வரணும்னு ஓவியத்து மேல தண்ணி அடிக்கிறான் ஒருத்தன். பத்துப் பேர் அப்படி அடிச்சா வண்ணம் வெளுத்துடும். எண்ணெய் தடவிக் கும்பிடுறதும் வேணாம் தாயே. கும்பிடணும்னா தள்ளி நின்னு கும்பிடு.

நம்ம பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. இஸ்கூல் வாத்தியார் காட்டுவார்னு காத்திருக்காதீங்க. ஆடு மேய்க்கிற கிழவிக்குத்தான் எந்தப் பொடவுல எது இருக்குன்னு தெரியும். ஆராய்ச்சிக்காரங்க வந்தாலும் முதல்ல வழி கேட்கிறது அவங்களைத்தான்.

என்ன கேட்கிறோம்? என்ன செய்யணும்?

தமிழ்நாடு அரசே! ஓவியமோ கற்படுக்கையோ கல்திட்டையோ இருக்கிற ஒவ்வொரு குன்றையும் குவாரி ஏலப் பட்டியலில் இருந்து எடு. ஏலம் விடுறதுக்கு முன்னாடி தொல்லியல் துறை ஆளும் நீர்வளத் துறை ஏரிப் பாசன ஆளும் ஊர்க்காரனும் சேர்ந்து குன்றைச் சுத்தி நடந்து பார்த்து எழுதிக் கொடுக்கணும். அந்த எழுத்து இல்லாம எந்தக் குன்றுக்கும் டெண்டர் கூடாது. அ-பதிவேட்டில் கல்லாங்குத்து என்பதோட "நீர்ப்பிடிப்பு, தொல்லியல் இடம்" என்று சேர்த்து எழுது. காவலுக்கு உள்ளூர் ஆளையே சம்பளத்துக்கு வை. டெல்லி அரசே! கருத்துக்கேட்பு வேண்டாம்னு போட்ட உத்தரவைத் திரும்ப வாங்கு!

விவசாயிகளே, இது உங்க வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்து வர்ற கிராம சபைக்கு முன்னாடி ஊர்க் குன்றின் புல எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதி வாங்குங்க. ஓவியத்தைத் தொடாம, தண்ணி அடிக்காம, பக்கத்தில் ஒரு அடிக்கோல் வச்சுப் போட்டோ எடுங்க. குன்றில் இருந்து எந்த ஓடை எந்த ஏரிக்கு வருது, அந்த ஏரிக்கு எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு, ஒரு தாளில் வரைஞ்சு வைங்க. தீர்மானத்தில் ஓவியத்தையும் ஏரியையும் ஒரே வரியில் சேர்த்து எழுதச் சொல்லுங்க. தனித்தனித் தீர்மானம்னா கையெழுத்துப் போடாதீங்க. "பொருள் நிரலில் இல்லை" என்று தலைவரோ செயலரோ சொன்னா, அப்படிச் சொன்னதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. முத்திரை குத்தின நகல் கைக்கு வர்ற வரைக்கும் பாயை விட்டு எழுந்திருக்காதீங்க.